ஹாஸ்பிஸ் நல்லா இருக்கா இல்லையான்னு எதை வச்சு முடிவு பண்றது? அப்பாவுக்கு இடம் பாக்கறோம், சென்னை

பெரம்பூர்மகள்:

எல்லாருக்கும் வணக்கம். கொஞ்சம் பெரிய போஸ்ட், பொறுமையா படிச்சுட்டு பதில் சொன்னா உதவியா இருக்கும். அப்பாவுக்கு 72 வயசு, ஸ்கூல் வாத்தியாரா இருந்து ரிட்டயர் ஆனவரு. போன வருஷம் லங் கேன்சர்னு தெரிஞ்சுது, கீமோ குடுத்தாங்க, நடுவுல கொஞ்ச மாசம் நல்லாவே இருந்தாரு, பேரனுக்கு கணக்கு எல்லாம் சொல்லிக் குடுத்துட்டு இருந்தாரு. இப்ப எடுத்த பெட் ஸ்கேன்ல முதுகெலும்புக்கும் லிவருக்கும் பரவிடுச்சுன்னு வந்திருக்கு. டாக்டர் என்னையும் அண்ணனையும் தனியா கூப்பிட்டு, இனிமே கீமோ குடுத்தா உடம்பு தாங்காது, பேலியேட்டிவ் கேர் பாருங்க, அதாவது நோயைக் குணமாக்கப் பாக்காம வலி இல்லாம வச்சுக்கங்கன்னு சொல்லிட்டாரு. எங்க போகணும், யாரைப் பாக்கணும்னு ஒண்ணும் சொல்லல.

ராத்திரி ஆனா முதுகு வலி தாங்க முடியல அவருக்கு. ட்ரமடால் மாத்திரை குடுக்கறோம், ரெண்டு மணி நேரம் கேக்குது, அப்புறம் மறுபடி முனக ஆரம்பிச்சுடறாரு. அம்மாவுக்கு சுகர், முட்டி வலி, அவங்களால அப்பாவத் தூக்கிப் புரட்ட முடியாது. நான் வேலைக்குப் போறேன், அண்ணன் ஓசூர்ல, வாரக் கடைசியிலதான் வர முடியும்.

ஹாஸ்பிஸ்னு, குணமாகாதவங்களை வலி இல்லாம கடைசி வரைக்கும் வச்சுப் பாத்துக்கற இடம், ரெண்டு சொல்லி இருக்காங்க. ஒண்ணு ஓஎம்ஆர் பக்கம் ஒரு தனியார் சென்டர், ஏசி ரூம், நாளுக்கு இவ்வளவுன்னு கட்டணம், அட்வான்ஸ் வேற, போட்டோவுல பாத்தா ஹோட்டல் மாதிரி இருக்கு. இன்னொண்ணு ஊருக்கு வெளிய ஒரு டிரஸ்ட் நடத்தற இலவச ஹாஸ்பிஸ், பழைய கட்டடம். கூகுள்ல ரெண்டுக்கும் நாலரை ஸ்டார்தான், அதை வச்சு என்னத்த புரிஞ்சுக்கறது. நேர்ல போகும்போது என்ன கேக்கணும், எதைப் பாக்கணும்? சித்தப்பா வேற, மார்பின்ங்கற கடுமையான வலி மருந்தெல்லாம் குடுத்தா அடிமையாயிடுவாரு, சீக்கிரம் முடிஞ்சிடும்னு பயமுறுத்திட்டு இருக்காரு. இன்னொண்ணும் சொல்லணும், பரவினது அப்பாவுக்கு இன்னும் சொல்லல.

---

கோவை சிஸ்டர்:

கண்ணு, நான் கோயம்புத்தூர்ல வீட்டுக்கு வீடு போயி பாக்கற பேலியேட்டிவ் டீம்ல நர்ஸ். எந்த இடத்துல சேக்கறதுங்கறது ரெண்டாவதுங்க, இந்த வாரமே அப்பா ராத்திரி தூங்கறாரான்னு பாக்கறதுதான் முதல்ல. அதனால போற எடத்துல கட்டடத்தைப் பாக்காதீங்க, ஏசியப் பாக்காதீங்க. நேரா ஒரே கேள்வி கேளுங்க, "உங்ககிட்ட வாயில குடுக்கற மார்பின் மாத்திரை ஸ்டாக் இருக்குதுங்களா?"

அதுக்கு வர்ற பதில்லயே பாதி வெளங்கிப் போகும். ஏன்னா மார்பின் சாதாரண மெடிக்கல் ஷாப்புல வாங்கற பொருள் இல்லீங்க. 1985-ல வந்த போதைப்பொருள் சட்டத்துக்கப்புறம் பல லைசென்ஸ் வாங்கணும்னு ஆயி ஆஸ்பத்திரிங்க பல பேரு வெக்கறதையே நிறுத்திட்டாங்க, வலியோட கெடந்தவங்க எத்தனையோ பேரு. 2014-ல சட்டத்தைத் திருத்தினாங்க, அதுக்கப்புறம் மாநில மருந்துக் கட்டுப்பாட்டு ஆபீஸ்ல ஒரே ஒரு அங்கீகாரம் வாங்கினா போதும். ஆனா அந்த அங்கீகாரம் கெடைக்கணும்னா வலி வைத்தியத்துல ட்ரெய்னிங் எடுத்த டாக்டர் இருக்கணும், பூட்டி வெக்கற அலமாரி, ஒவ்வொரு மாத்திரைக்கும் கணக்கு எழுதற ரெஜிஸ்டர் எல்லாம் இருக்கணும். ஆகவே மார்பின் இருக்குதுன்னா மத்ததும் ஓரளவு இருக்குதுன்னு எடுத்துக்கலாங்க. இல்லைன்னு சொல்லிட்டு, வலி வந்தா ட்ரமடால் ஊசி போடுவோம், டைக்ளோ போடுவோம்னு சொன்னாங்கன்னா அது முதியோர் இல்லம், வெளிய ஹாஸ்பிஸ்னு போர்டு மாட்டி இருக்காங்க, அவ்வளவுதான். சில எடத்துல உடனே ஃபென்டனில் பேட்ச், தோல் மேல ஒட்டற வலி மருந்து, ஒட்டலாம்பாங்க, அது 72 மணி நேரத்துக்கு ஒண்ணு, விலை ஜாஸ்தி, வலி இன்னும் அடங்காம ஏறி எறங்கிட்டு இருக்கற ஆளுக்கு டோஸை சட்டுனு கூட்டிக் கொறைக்க முடியாது. முழுங்க முடியாதவங்களுக்கு, கிட்னி கெட்டவங்களுக்கு அது நல்ல மருந்துதான், ஆனா மாத்திரை இல்லாததுக்குப் பதிலா ஒட்டறது வேற.

அடுத்து எப்படிக் குடுப்பீங்கன்னு கேளுங்க. வலி வந்தா குடுப்போம்னு சொன்னா சரியில்லீங்க. சாதா மார்பின் நாலு மணி நேரந்தான் வேலை செய்யும், அதனால மணி பாத்து நாலு மணி நேரத்துக்கு ஒரு தரம் குடுக்கணும், ராத்திரி படுக்கப் போகும்போது ரெண்டு வேளை டோஸை ஒண்ணா சேத்துக் குடுப்பாங்க, நடுராத்திரி எழுப்பறதில்ல. நடுவுல வலி பிச்சுக்கிட்டு வந்தா குடுக்கறதுக்குன்னு தனியா ஒரு டோஸ் எழுதி இருக்கும். கூடவே மொத நாள்ல இருந்தே மலச்சிக்கலுக்கு மருந்து. மலச்சிக்கல் மருந்து எழுதாம மார்பின் எழுதற எடம்னா யோசிங்க. சித்தப்பாகிட்ட சொல்லுங்க, வலிக்காக டாக்டர் பாத்து கொஞ்சங்கொஞ்சமா ஏத்திக் குடுக்கறப்ப போதை ஆளுங்க மாதிரி ஆகறதில்லீங்க, உசுரையும் எடுக்காது. மொத ரெண்டு மூணு நாள் தூக்கமா இருக்கும், குமட்டும், அப்புறம் சரியாயிரும். நான் பாத்ததுல வலி அடங்கின ஆளு எந்திரிச்சு உக்காந்து காபி கேப்பாரு, மூச்சுத் திணறலுக்குக்கூட சின்ன டோஸ்ல அதே மருந்துதான் குடுக்கறோம்.

அப்புறம் ஆளுங்களப் பாருங்க. படுத்திருக்கறவங்க வாயப் பாருங்க, காஞ்சு வெள்ளை படிஞ்சு இருக்கா, ஒதட்டுல ஏதாச்சும் தடவி இருக்காங்களா. நகம் வெட்டி இருக்கா. தண்ணி டம்ளர் அவங்க கைக்கு எட்டற தூரத்துல இருக்கா. யூரின் பேக் தரையில கெடக்குதா. வார்டுக்குள்ள நொழைஞ்சதும் என்ன வாடை வருது, ஃபினாயில் வாடைய சொல்லல, புண்ணு வாடை. புத்துப்புண் வெடிச்சு இருக்கறவங்களுக்கு மெட்ரோனிடசோல் மாத்திரையப் பொடி பண்ணி புண்ணு மேல தூவினாலே வாடை கொறைஞ்சு போகும், ரொம்ப சீப்பான விஷயம், அதுகூட செய்யாத எடத்துல வேற எதைச் செய்வாங்க.

சேக்கறதுக்கு முன்னாடி ஒரு நாள் ராத்திரி பதினோரு மணிக்கு மேல அவங்க நம்பருக்கு போன் போடுங்க. யாரு எடுக்கறாங்க, நர்ஸா செக்யூரிட்டியா, எடுத்தவங்களால டாக்டர்கிட்டப் பேசி மருந்தை மாத்த முடியுமான்னு கேட்டுக்குங்க. வலி ராத்திரிலதான் கண்ணு ஜாஸ்தி.

இன்னொண்ணு, இது எடம் பாக்கறதுக்கு சம்பந்தம் இல்ல, ஆனா சொல்லாம இருக்க முடியாது. முதுகெலும்புல பரவி இருக்குதுன்னு சொல்றீங்க. அப்பாவுக்குக் கால் மரத்துப் போறது, நடக்கறப்ப கால் பின்றது, ஒண்ணுக்குப் போக முடியாம அடைச்சுக்கறது இதுல எது வந்தாலும் அன்னிக்கே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போயிருங்க, தண்டுவடத்தை அமுக்குதுன்னா சில மணி நேரத்துல கால் போயிரும். எலும்பு வலிக்கு ஒரே ஒரு சிட்டிங் ரேடியேஷன், 8 கிரேங்கற அளவு, அதுலயே நெறைய பேருக்கு வலி கொறையுதுங்க. அதையும் டாக்டர்கிட்டக் கேளுங்க. நல்ல பேலியேட்டிவ் டீமா இருந்தா நீங்க கேக்காமயே இந்த ரெண்டையும் பேசி இருப்பாங்க.

---

திருவள்ளூர்_குமரன்:

தப்பா நெனைக்காதீங்க மேடம், அப்பா அம்மாவ கடைசி காலத்துல வெளிய கொண்டு போய் விடறது மனசுக்கு ஒப்பல. எங்க தாத்தாவ வீட்லயே வச்சுதான் பாத்தோம், கூட்டுக் குடும்பம், ஆள் மாத்தி ஆள் இருந்தோம். முடிஞ்ச வரைக்கும் வீட்லயே பாருங்க.

---

வடபழனிக்காரன்:

குமரன் சார், உங்க வீட்ல ஆள் இருந்தாங்க, பாத்தீங்க, சந்தோஷம். அவங்க வீட்ல சுகர் வந்த அம்மாவும் வேலைக்குப் போற பொண்ணும்தான் இருக்காங்க. வலியோட வீட்ல கெடக்கறதை விட வலி இல்லாம வேற எடத்துல இருக்கறது அவருக்கு நல்லதில்லையா. ஊரு பேசும்ங்கறதுக்காக அவரு முனகிட்டு இருக்கணுமா.

சிஸ்டர் சொன்னதோட என் அனுபவத்தையும் சேத்துக்கங்க. எங்கம்மாவுக்கு கர்ப்பப்பை கேன்சர், கடைசில ஒரு தனியார் எடத்துல வச்சிருந்தோம், பேர் வேணாம். ரிசப்ஷன்ல பூச்செடி, எல்லாரும் யூனிபார்ம், பேச்சு அவ்வளவு இனிமையா இருக்கும். கட்டில்ல ஒரு சார்ட் தொங்கும், அதுல வலி பத்துக்கு எத்தனைன்னு எழுதற கட்டம். எங்கம்மா நாங்க போகும்போதெல்லாம் வலிக்குது வலிக்குதுன்னுதான் சொல்லுவாங்க, சார்ட்ல பாத்தா எல்லா கட்டத்துலயும் பூஜ்ஜியம், காலை மதியம் ராத்திரி எல்லாம் ஒரே பேனா ஒரே கையெழுத்து, மறுநாளுக்கான கட்டத்துலயும் முன்னாடியே பூஜ்ஜியம் போட்டு வச்சிருந்தாங்க. அதைப் பாத்த அன்னிக்குத்தான் அக்கா போர்வையைத் தூக்கிப் பாத்தா, முதுகுத்தண்டு முடியற எடத்துல புண்ணு, எலும்பு தெரியற அளவுக்கு. ரெண்டு மணி நேரத்துக்கு ஒரு தரம் புரட்டிப் போடறோம்னு அதே சார்ட்ல டிக் இருக்கு.

அதனால நீங்க போகும்போது சார்ட்டைப் பாக்க அனுமதி கேளுங்க, வலி நம்பர் ஏறி எறங்கி இருந்தா யாரோ உண்மையாவே கேட்டு எழுதறாங்கன்னு அர்த்தம். அஞ்சுன்னு எழுதி, மருந்து குடுத்து, ஒரு மணி நேரம் கழிச்சு ரெண்டுன்னு எழுதி இருந்தா அந்த எடத்தை நம்பலாம். பகல் ஷிப்டுல எத்தனை நர்ஸ், ராத்திரி எத்தனை, எத்தனை பேஷண்டுக்குன்னு கேளுங்க, அதுல படிச்ச நர்ஸ் யாரு, ஏஜென்சில இருந்து வர்ற அட்டெண்டர் யாருன்னு பிரிச்சுக் கேளுங்க, ஏன்னா எல்லாருக்கும் ஒரே கலர் டிரஸ் போட்டு விட்டுடறாங்க.

காசு விஷயம். நாள் கட்டணத்துல என்னென்ன சேரும்னு எழுத்துல வாங்கிக்கங்க. டயாபர், டிரெஸ்ஸிங், ஏர் பெட், ஆக்சிஜன் எல்லாம் தனித்தனியா பில் போட்டு எங்களுக்கு சொன்னதை விட ரொம்ப அதிகமா வந்துச்சு. நடுவுல கூட்டிட்டுப் போனா அட்வான்ஸ் திருப்பித் தருவாங்களான்னும் கேட்டுக்கங்க.

முக்கியமான கேள்வி இன்னொண்ணு இருக்கு. "மூச்சு வாங்க ஆரம்பிச்சா என்ன பண்ணுவீங்க?" எங்க எடத்துல உடனே ஆம்புலன்ஸ் வர வச்சு அவங்களுக்கு டை-அப் இருக்கற ஆஸ்பத்திரி ஐசியூவுக்கு அனுப்பிட்டாங்க. வேணாம் வேணாம்னு டாக்டர் சொன்ன அதே வென்டிலேட்டர், கையைக் கட்டி வச்சு, எங்களை வெளிய நிக்க வச்சு. இதுக்கு எதுக்கு ஹாஸ்பிஸ். ஐசியூவுக்கு அனுப்பாம அங்கயே மூச்சுத் திணறலுக்கு மருந்து குடுத்து, ஃபேன் காத்து முகத்துல படற மாதிரி வச்சு, குடும்பத்தைப் பக்கத்துல உக்கார விடுவோம்னு சொல்ற எடம்தான் வேணும்.

---

எடிசன்_வாசகி:

நான் நியூஜெர்சில இருக்கேன், மாமனாரை இங்க ஹோம் ஹாஸ்பிஸ்ல வச்சுப் பாத்தோம். உங்களுக்கு இது நேரடியா உதவாது, ஆனா ஒரு விஷயம் எடுத்துக்கலாம். இங்க மெடிகேர்ங்கற, வயசானவங்களுக்கான அரசாங்க மருத்துவக் காப்பீட்டுக் காசுலதான் பெரும்பாலும் ஹாஸ்பிஸ் நடக்குது, ஹாஸ்பிஸுக்குன்னு 1982-ல கொண்டு வந்த திட்டம், ஆறு மாசத்துக்கு மேல உயிரோட இருக்கறது கஷ்டம்னு ரெண்டு டாக்டர் கையெழுத்து போடணும். காசு அரசாங்கம் குடுக்கறதால கணக்கும் கேக்கறாங்க. ஆள் போனதுக்கு அப்புறம் குடும்பத்துக்கு ஒரு கேள்வித்தாள் அனுப்பறாங்க, அதோட முடிவை ஒவ்வொரு ஹாஸ்பிஸுக்கும் மெடிகேர் வெப்சைட்ல போட்டுடறாங்க, யாரு வேணாலும் பாக்கலாம்.

அந்தக் கேள்விங்க என்னன்னா, கூப்பிட்டப்ப உடனே உதவி கெடைச்சுதா, ராத்திரியும் லீவு நாள்லயும் கெடைச்சுதா, வலிக்கும் மூச்சுத் திணறலுக்கும் வேண்டிய உதவி பண்ணாங்களா, மரியாதையா நடத்தினாங்களா, நீங்க வீட்ல எப்படிப் பாத்துக்கணும்னு சொல்லிக் குடுத்தாங்களா, ஒருத்தர் சொன்னதுக்கும் இன்னொருத்தர் சொன்னதுக்கும் முரண் இருந்துச்சா. இதே கேள்விகளை நீங்க போற ஹாஸ்பிஸ்ல ஏற்கனவே ஆளை வச்சிருந்த குடும்பத்துகிட்ட கேட்டுப் பாருங்க. வாசல்ல, கேன்டீன்ல நிக்கற பேஷண்டோட சொந்தக்காரங்ககிட்ட பேசினா போதும், கூகுள் ஸ்டார் எல்லாம் வேணாம்.

இன்னொரு கணக்கும் இங்க வெளியிடறாங்க, அது எனக்கு ரொம்ப சரின்னு படுது. கடைசி மூணு நாள்ல குறைஞ்சது ரெண்டு நாளாவது நர்ஸோ சோஷியல் வொர்க்கரோ நேர்ல வந்தாங்களான்னு. ஏன்னா இங்கயும் லாபத்துக்காக நடத்தற கம்பெனிங்க நெறைய, பேஷண்ட் ஸ்டெடியா இருக்கற வரைக்கும் வருவாங்க, உண்மையா கஷ்டமான நாள் வரும்போது போன்ல ஆறுதல் சொல்லிட்டு விட்டுடறவங்க இருக்காங்க. அதனால "கடைசி நாட்கள்ல யாரு வருவாங்க, எவ்வளவு அடிக்கடி வருவாங்க"ன்னு தைரியமா கேளுங்க. கேக்கறதுக்கு வாய் வராது, புரியுது, ஆனா கேளுங்க.

---

மார்த்தாண்டம்காரன்:

சகோதரி, நான் குமரி மாவட்டம், எல்லைக்கு இந்தப் பக்கம். கேரளாவுல இதை எப்படிப் பண்றாங்கன்னு கிட்ட இருந்து பாத்தவன், வாலண்டியராவும் போயிருக்கேன். 1993-ல கோழிக்கோட்டுல மெடிக்கல் காலேஜ்ல ஒரு சின்ன கிளினிக்கா ஆரம்பிச்சது, 2008-ல அரசே இதுக்குன்னு கொள்கை கொண்டு வந்துச்சு, இப்ப பஞ்சாயத்து அளவுல நர்ஸ் வீடு தேடி வராங்க. அங்க ஹாஸ்பிஸ் பெட்டை விட வீட்ல வந்து பாக்கறதுதான் பெருசு. குமரன் சார் சொன்ன மாதிரி வீட்லயே வச்சுக்கறதுக்கு கூட்டுக் குடும்பம்தான் வேணும்னு இல்ல, வாரா வாரம் வீட்டுக்கு வர்ற டீம் இருந்தா ரெண்டு பேர் இருக்கற வீட்லயும் முடியும்.

நம்ம பக்கமும் 2021 ஆகஸ்டுல இருந்து மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்துல படுக்கைல இருக்கறவங்களுக்கு நர்சும் பிசியோதெரபிஸ்டும் வீட்டுக்கு வராங்க. உங்க பக்கத்து நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையத்துல போயி அப்பா பேரைப் பதிஞ்சு வையுங்க, 104-க்கு போன் பண்ணியும் கேக்கலாம். மார்பின் அவங்ககிட்ட கெடைக்காம போகலாம், ஆனா கதீட்டர், அதாவது யூரின் டியூப், மாத்தறது, புண்ணுக்குக் கட்டுப் போடறது மாதிரி வேலைக்கு உதவும். இலவசமா பெட் வச்சிருக்கற எடங்கள்ல சென்னை மாத்தூர் ஜீவோதயா கேன்சர்காரங்களுக்குன்னே இருக்கு, பெங்களூருல கருணாஸ்ரயா 1999-ல இருந்து நடக்குது, உங்க அண்ணன் ஓசூர்னா அதுவும் தூரம் இல்ல. வேலூர் சிஎம்சில பேலியேட்டிவ் பிரிவு இருக்கு. இதையெல்லாம் ஒரு எட்டு விசாரிச்சு வையுங்க.

ஒரு எடத்தை எடை போட நான் பாக்கறது, டாக்டர் நர்ஸ் தவிர வேற யாரு இருக்காங்கன்னு. சோஷியல் வொர்க்கர் இருக்காங்களா, குடும்பத்துக்கிட்ட தனியா உக்காந்து பேச ஆள் இருக்கா. உங்கம்மாவுக்கு தூக்கம் இருக்கான்னு யாராவது கேக்கறாங்களா. பாக்க வர்றதுக்கு நேரக் கட்டுப்பாடு வச்சா எனக்குப் பிடிக்காது, பேரன் எப்ப வேணாலும் வந்து தாத்தா கட்டில்ல ஏறி உக்காரணும். வீட்டுச் சாப்பாடு கொண்டு போக விடணும், ஒரு ஸ்பூன் ரசம் தொட்டு வச்சாலும் அது அவருக்குப் புடிச்ச ரசமா இருக்கட்டும். சாமி கும்பிடறதோ ஃபாதர் வந்து ஜெபிக்கறதோ எதையும் திணிக்கவும் கூடாது தடுக்கவும் கூடாது.

அப்புறம் யாரும் வெளிய பேச மாட்டேங்கற விஷயம். ஆள் போனா சர்டிபிகேட் யாரு தருவாங்க? ஹாஸ்பிஸ்ல நடந்தா அவங்களே இறப்புக் காரணம் எழுதி மாநகராட்சிக்கு அனுப்பிடுவாங்க. வீட்ல நடந்தா பாத்துட்டு இருந்த டாக்டர் இறப்புக் காரணம் எழுதி 4ஏ ஃபாரம் குடுக்கணும், 21 நாளுக்குள்ள பதியணும். ராத்திரில அந்த டாக்டர் கெடைக்காம தெரியாத டாக்டரைத் தேடி அலையற குடும்பங்களைப் பாத்திருக்கேன். உங்களைப் பாக்கற டீம் அதைக் குடுப்பாங்களான்னு முன்னாடியே கேட்டு வச்சுடுங்க.

---

பெரம்பூர்மகள்:

எல்லாருக்கும் ரொம்ப நன்றி, அண்ணனும் நானும் ரெண்டு எடத்துக்கும் போயிட்டு வந்துட்டோம். நீங்க சொன்ன கேள்விங்களை நோட்டுல எழுதிட்டுப் போனேன்.

ஓஎம்ஆர் சென்டர்ல மொதல்ல உக்கார வச்சு டேப்லட்ல ரூம் வகை காட்டினாங்க. மார்பின் இருக்கான்னு கேட்டேன். பேசிட்டு இருந்தவரு உள்ள போயி கேட்டுட்டு வந்து, தேவைப்பட்டா வெளிய இருந்து வரவழைச்சுக்கலாம் மேம், நாங்க வழக்கமா ஊசிதான் போடுவோம்னாரு. டாக்டர் காலைல ஒரு தடவ ரவுண்ட்ஸ், ராத்திரி ஆன் கால். மூச்சு வாங்கினா ஐசியூ வசதி அஞ்சு நிமிஷத்துல இருக்கு, அது எங்களோட ப்ளஸ் பாயிண்ட்னு சொன்னாரு. வடபழனிக்காரன் சார் எழுதினது அப்படியே காதுல கேட்டுது. வார்டுக்குள்ள போயி பாக்க விடல, ப்ரைவசின்னு சொல்லிட்டாங்க, அது நியாயமா கூட இருக்கலாம்.

டிரஸ்ட் எடத்துக்குப் போக பஸ் மாறி ஆட்டோ புடிச்சு போகணும். கட்டில் எல்லாம் கிட்ட கிட்ட, ஸ்கிரீன் போட்டு மறைச்சுருக்காங்க, ஃபேன்தான். ஒரு சிஸ்டர் ஒரு பாட்டி கட்டில்ல உக்காந்து நகம் வெட்டி விட்டுட்டு இருந்தாங்க. டாக்டரம்மா எங்களை உக்கார வச்சு மொதல்ல கேட்டது ரிப்போர்ட் இல்ல, அப்பா என்ன வேலை பாத்தாரு, எதுல ஆர்வம், வலி எந்த நேரத்துல அதிகம்னு. மார்பின் இருக்குன்னு சொல்லி ரெஜிஸ்டரையே காட்டினாங்க. சார்ட்டும் பாத்தேன், நம்பர் ஏறி எறங்கித்தான் இருந்துச்சு. ராத்திரி போன் போட்டேன், நர்ஸ்தான் எடுத்தாங்க, யாரு என்னன்னு கேக்காமயே என்ன கஷ்டம்மான்னு கேட்டாங்க, என்னால பதில் பேச முடியல அழுதுட்டேன்.

ஆனா ரெண்டு சிக்கல். இப்ப பெட் காலி இல்ல. அப்புறம் டாக்டரம்மா, அப்பாவுக்குத் தெரியாம இங்க கூட்டிட்டு வந்தா ஒரே நாள்ல கண்டுபுடிச்சுடுவாரு, முன்னாடி பேசுங்க, வேணும்னா நான் கூட இருக்கேன்னு சொன்னாங்க. அம்மா சொல்லவே கூடாதுங்கறாங்க, மனசு விட்டுடுவாருன்னு பயம். சிஸ்டர், என்ன பண்றது?

---

கோவை சிஸ்டர்:

கண்ணு, நல்லாப் பாத்துட்டு வந்திருக்கீங்க, எனக்கு சந்தோஷமா இருக்குது. எனக்கும் ரெண்டாவது எடந்தான் சரின்னு தோணுதுங்க. வார்டுக்குள்ள விடலைங்கறதை மட்டும் வச்சு மொத எடத்தைத் தள்ள வேண்டாம், எங்க பக்கமும் சில நேரம் அப்படித்தான். ஆனா மார்பின் இருக்குதாங்கற கேள்விக்கு உள்ள போயி கேட்டுட்டு வர்ற எடத்துல அப்பாவ விட வேண்டாம்.

பெட் இல்லைன்னா காத்திருக்க வேண்டியதில்ல. பெட் வேற, அவங்க வைத்தியம் வேறங்க. நாளைக்கே அப்பாவ அவுட்பேஷண்டா பதிஞ்சு மார்பின் ஆரம்பிக்க முடியுமான்னு கேளுங்க, வீட்டுக்கு வர்ற டீம் அவங்களுக்கு இருந்தா அதுலயும் சேருங்க. பயாப்சி ரிப்போர்ட், கடைசி பெட் ஸ்கேன், டிஸ்சார்ஜ் சம்மரி, இப்ப சாப்பிடற மாத்திரை எல்லாம் ஒரு பையில, ஆதார் ஜெராக்ஸ் ரெண்டு காப்பி. கிட்னி டெஸ்ட் சமீபத்துல எடுத்தது இருந்தா கட்டாயம் கொண்டு போங்க, கிரியாட்டினைன் பாத்துதான் டோஸ் போடுவாங்க. நெறைய பேருக்கு இப்படியே வீட்ல பல வாரம் போகும், வலி அடங்கினதும் அம்மாவாலயே சமாளிக்க முடியுதுன்னு பெட்டே வேண்டாம்பாங்க. முடியாத நாள் வந்தா அதுக்குள்ள அவங்களுக்கு அப்பாவத் தெரிஞ்சிருக்கும், பெட் கெடைக்கறதும் சுலபம். அம்மா கொஞ்சம் ஓய்வெடுக்கட்டும்னு ஒரு வாரம் மட்டும் சேத்துக்கற வழக்கமும் சில எடத்துல இருக்குது, அதையும் கேட்டு வையுங்க.

அப்பாகிட்ட சொல்றதைப் பத்தி. வாத்தியாரா இருந்தவரு, கீமோ நிறுத்தினது ஏன்னு அவருக்குள்ள ஒரு கணக்கு ஓடிட்டுத்தான் இருக்கும். நாங்க வீட்டுக்குப் போனா நேரா நோயப் பத்தி சொல்ல மாட்டோம், "உங்க உடம்பப் பத்தி என்ன நெனைக்கறீங்க ஐயா"ன்னு கேட்டுட்டு சும்மா உக்காந்துக்குவோம். பாதிப் பேரு அவங்களே சொல்லிருவாங்க. வீட்ல மனைவி பிள்ளைங்க தாங்க மாட்டாங்கன்னு இவரு மறைப்பாரு, இவரு தாங்க மாட்டாருன்னு அவங்க மறைப்பாங்க, ரெண்டு பக்கமும் தனித்தனியா அழுதுட்டு இருப்பாங்க. சில பேரு, எனக்கு ஒண்ணும் சொல்ல வேண்டாம், பையன்கிட்டச் சொல்லுங்கன்னும் சொல்லுவாங்க, அதுவும் அவங்க உரிமைங்க. எவ்வளவு தெரிஞ்சுக்கணும்னு அவரே முடிவு பண்ணட்டும். டாக்டரம்மா கூட இருக்கறேன்னு சொன்னது பெரிய விஷயம், அம்மாவையும் அன்னிக்குக் கூட்டிட்டுப் போயி டாக்டரம்மாகிட்டத் தனியா அஞ்சு நிமிஷம் பேச வையுங்க, அவங்க பயத்தை அவங்க வாயால சொல்லட்டும்.

ஐசியூ வேண்டாம்னு அப்பாவே சொன்னாருன்னா அதை எழுதி வெக்கலாங்க. 2018-ல சுப்ரீம் கோர்ட் ஒத்துக்கிட்டது, 2023-ல நடைமுறைய சுலபமாக்கிட்டாங்க, இப்ப ரெண்டு சாட்சி கையெழுத்தோட நோட்டரியோ கெசட்டட் ஆபீசரோ சான்று குடுத்தாப் போதும். இது அப்பா தெளிவா பேசற காலத்துல செய்ய வேண்டியது.

காலு மரத்துப் போகுதான்னு மட்டும் தினம் காலைல கேட்டுக்குங்க, மறக்காதீங்க. ரேடியேஷன் பத்தி டாக்டர் என்ன சொன்னாருன்னு எழுதுங்க.

---

பெரம்பூர்மகள்:

சிஸ்டர், ரேடியேஷன் டாக்டரை வர்ற வெள்ளிக்கிழமை பாக்கறோம், ஒரே சிட்டிங்தான் போதும்னு அவரும் போன்ல சொன்னாரு. நாளைக்குக் காலைல அப்பாவையும் அம்மாவையும் கூட்டிட்டு டிரஸ்டுக்குப் போறோம், அண்ணன் லீவு போட்டுட்டான். கிட்னி டெஸ்ட் பழசாயிடுச்சு, அதனால இன்னிக்கே லேப்ல ரத்தம் குடுத்துட்டு வந்துட்டோம், ராத்திரி ரிசல்ட் வந்துடும்.